முன்கையில் இரண்டு எழுத்து

அந்த வீட்டு மணியை அழுத்துவதற்கு முன்பே சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டேன். செப்டம்பர் மாதத்து நல்ல வெயில். மேட்டுப் பாதையில் ஏறி வந்ததில் முதுகு நனைந்திருந்தது. ஆனாலும் அறை பார்க்கப் போகிற இடத்தில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

மருந்தியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் வடக்கே ஒரு மணித்தியாலம் போனால் வரும் சின்னப் பல்கலைக்கழக நகரம். அங்கே பாதிப் பேர் மாணவர்கள், மீதிப் பேர் மாணவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்கள். கோடை முழுவதும் தேடியும் எனக்கு ஓர் அறை அகப்படவில்லை. கடைசியில் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மாணவிகளுக்கு மட்டும், தோட்டத்துடன் பழைய வீடு, சேர்ந்து வாழ விரும்புகிறவர்கள் எழுதலாம் என்றிருந்தது. வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. படத்தில் வளைந்த மரப்படிக்கட்டும், நீளமான மேசையும், வாசலில் கம்பத்தில் பறக்கும் ஒரு கொடியும் தெரிந்தன. அந்தக் கொடிதான் எனக்கு இடித்தது.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோழி அப்போது மியூனிக்குக்குப் படிக்கப் போயிருந்தாள். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த குடும்பம். படத்தை அவளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

“எடியே, கொடி இருந்தால் அது சங்கம். உந்த யூனிவேர்சிட்டிப் பெடியளின்ரை சங்கங்கள் இருக்கெல்லே, தொப்பியும் போட்டு, வாளும் சுழட்டி, முகத்தை வெட்டிக்கொண்டு திரியிறவங்கள். அதைப் போலை பெட்டையளுக்கும் இருக்கு.”

“பெட்டையளும் வாள் சுழட்டுவினமோ?”

“இல்லை, பாட்டும் பியரும்தான். நல்லவையும் இருப்பினம். ஆனால் எங்களைப் போலை ஆக்களை ஏன் எடுக்கினம் எண்டு முதல்லை யோசி. சும்மா எடுக்க மாட்டினம்.”

யோசித்துக்கொண்டேதான் மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவள் உயரமான சட்ட மாணவி. அந்த ஆண்டு சங்கத்துக்கு அவள்தான் தலைவி. கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பேசும்போது கண்ணிமைக்காமல் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மாவு படிந்த கைகளோடு மருத்துவ மாணவி ஒருத்தி வந்து, “கேக் சூடாக இருக்கும்போதே வந்துவிட்டாய், நீ கெட்டிக்காரி” என்று சிரித்தாள். எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது. தலைவியைப் பிடிக்கவில்லை.

அவர்கள் விளக்கியது இதுதான். முதல் ஆண்டு விருந்தினராக இருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துக்கும் பிடித்திருந்தால் சங்கத்தில் சேரலாம், பிடிக்காவிட்டால் வேறு அறை தேடிக்கொள்ள வேண்டும். படிக்கட்டை ஒட்டிய சுவர் முழுவதும் பழைய ஆண்டு விழாப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் கையில்லாத நீள உடுப்புடன் பெண்கள், தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக இரண்டு நிறப் பட்டி. நான் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். ஒரு கையிலும் ஒரு பொட்டுக்கூட இல்லை.

என் இடது முன்கையின் உட்பக்கத்தில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், ‘ஓம்’ என்று பச்சை குத்தியிருந்தேன். கோயிலில் இருக்கும் சின்னம் அல்ல, பாலர் வகுப்பில் எழுதுவதுபோல இரண்டு எழுத்து. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு ஜெர்மன் வராது. மருத்துவரிடமும், பள்ளிக்கூடத்திலும், விசா அலுவலகத்திலும் நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். அவர்கள் நீளமாக ஏதோ கேட்பார்கள். நான் அதைத் தமிழில் சொல்வேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு ‘ஓம்’ என்பார். நான் நிமிர்ந்து ஜெர்மனில் ‘யா’ என்று சம்மதம் சொல்வேன். எங்கள் குடும்பத்தின் பெரிய விசயங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் நடந்தன. பள்ளி இறுதிச் சோதனை முடிந்த கையோடு தோழியும் நானும் டோர்ட்முண்டில் ஒரு கடைக்குப் போனோம். எனக்கு ‘ஓம்’, அவளுக்கு ‘இல்லை’ என்று ஏற்பாடு. என்னுடையது முடிந்து அவளுடைய முறை வந்தபோது, ஊசியைப் பார்த்துவிட்டு இல்லையென்று எழுந்துவிட்டாள். அவளுக்குப் பச்சை குத்தத் தேவையே இருக்கவில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. வீட்டில் எப்போதும் நீளக் கை. ஆய்வுகூடத்தில் வெள்ளை அங்கி. மறைப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

அந்த வீட்டிலும் சில வாரங்கள் அப்படியே மறைத்தேன். ஆனால் பத்துப் பேர் ஒரே குசினியில் சமைத்துச் சாப்பிட்டு, முறை வைத்துப் பாத்திரம் கழுவும் இடத்தில் எத்தனை நாளைக்கு நீளக் கை போட முடியும்? ஒரு பின்னேரம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துணியோடு நின்று துடைத்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவி என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“இது என்ன எழுத்து?”

“தமிழ்.”

“என்ன அர்த்தம்?”

“யா.”

“யாவா? வெறும் யாவா?” அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “எதற்கு யா?”

“எல்லாவற்றுக்கும்” என்றேன். அம்மாவின் கதையை அவளுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேசையில் இருந்து படித்துக்கொண்டிருந்த தலைவி சிரிக்கவில்லை. தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் புத்தகத்துக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குப் பார்வைகள் தட்டுப்படத் தொடங்கின. பாணுக்கு வெண்ணெய் பூசக் கையை நீட்டினால் யாரோ பார்ப்பதுபோல இருக்கும். திரும்பினால் எல்லோரும் தங்கள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடை விருந்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த ஆண்கள் சங்கத்தினர் சிலர் வந்தார்கள். அதில் ஒருவனுக்குக் கன்னத்தில் புதிதாய் ஒரு வெட்டு, தையல் இன்னும் பிரிக்கவில்லை. வாட்போட்டியில் வாங்கியது. எல்லோரும் அவனைச் சுற்றி நின்று அந்தக் காயத்தை விசாரித்தார்கள். அவனோ என் கையைக் காட்டி, “உனக்கு வலிக்கவில்லையா?” என்று கேட்டான். கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற தலைவி, “அதற்கு யா என்று அர்த்தமாம்” என்றாள். சொல்லின் கடைசியில் ஒட்டியிருந்த அந்த ‘ஆம்’ எனக்குள் முள்ளாய்க் குத்தியது. அர்த்தமாம். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

இத்தனைக்கும் எனக்கு அந்த வீடு பிடித்துப்போயிருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது. நான் ஒரே பிள்ளை. அம்மா முதியோர் இல்லத்தில் மாறி மாறி வேலை, அப்பா லொறி ஓட்டுகிறவர். சூடாக்கிச் சாப்பிட்டு, தொலைக்காட்சியோடு கதைத்து வளர்ந்தவள் நான். இங்கே சோதனை முடிந்து வந்தால் மேசையில் இருக்கிற எல்லோரும் எப்படி என்று கேட்டார்கள். பிந்தி வந்தால் எனக்கென்று ஒரு தட்டு மூடி வைத்திருந்தார்கள். எனக்கு அங்கே சேர வேண்டும்போல இருந்தது. சேர விரும்பினேன் என்பதால்தான் ஒவ்வொரு பார்வையும் உறுத்தியது.

விருந்தினர் ஆண்டு முடியும் தறுவாயில் சேர விரும்புகிறேன் என்று சொன்னேன். உறுப்பினர்கள் மட்டும் கூடி அதற்கு வாக்களிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கொன்வென்ட் என்று பெயர். மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. எனக்கு முன்பு விண்ணப்பித்தவளுக்கு அரை மணித்தியாலத்துக்குள் கைதட்டல் கேட்டது. என் பெயர் வந்த அன்று குசினியில் தேநீரோடு காத்திருந்தேன். கைதட்டல் வரவில்லை. கதவு திறந்து படிக்கட்டில் காலடிகள் மட்டும் வந்தன.

“அவளிடம் நேரே கேட்டிருக்கலாமே” என்றது ஒரு குரல்.

“கேட்டாயிற்று. சொன்னது சரியில்லை” என்றது இன்னொன்று.

குசினி வாசலில் என்னைக் கண்டதும் பேச்சு அறுந்தது. தலைவி முன்னால் வந்து, “உன் விசயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். ஒரு விளக்கம் தேவைப்படுகிறது” என்றாள்.

“என்ன விளக்கம்?”

“அதை நான் இப்போது சொல்ல முடியாது.”

மருத்துவ மாணவி என்னைப் பார்க்காமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து நின்றாள். அதற்குள் எதையும் எடுக்காமல் சாத்தினாள்.

தோழியை அழைத்தேன்.

“நான் சொன்னனானெல்லே” என்றாள். “கையிலை இருக்கிறதைக் கண்டிட்டு யோசிக்கினம். படத்துக்கு நிக்கேக்கை கை வெறுமையாய் இருக்கோணும் அவைக்கு.”

“ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை.”

“சொல்ல மாட்டினமடி. சொன்னால் பிடிபட்டுப் போவினமெல்லே.”

அதற்குப் பிறகு நான் படிக்கட்டுப் படங்களை நின்று நின்று பார்க்கத் தொடங்கினேன். நீளக் கையுறை போட்டிருந்தவர்களை எல்லாம் சந்தேகப்பட்டேன். கையுறைக்குள் எதையோ மறைத்திருக்கிறாள், மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். லேசர் கொண்டு அழிக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்றும் ஒருநாள் தேடிப் பார்த்தேன். தேடிய பிறகு என் மீதே எனக்குக் கோபம் வந்தது.

யூலை மாதத்தில் ஒருநாள் எல்லோரும் ஏரிக்குக் குளிக்கப் போனோம். என்னைக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். போகாவிட்டால் என்னைப் பற்றிப் பேசுவார்கள் என்ற எண்ணம். தலைவி மேற்சட்டையைக் கழற்றி நீச்சலுடுப்போடு நின்றபோது நான் திகைத்துப்போனேன். இடுப்பிலிருந்து விலா எலும்பு வரை ஈரக் காட்டில் வளரும் பன்னச் செடியின் பெரிய இலை, நுனி சுருண்டு, கரும்பச்சையில். நல்ல கைகாரன் குத்தியது. மருத்துவ மாணவிக்குக் கணுக்காலில் ஒரு சின்ன நங்கூரம். வேறொருத்திக்குத் தோள்பட்டையில் ஏதோ பறவை.

அதைக் கண்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பச்சை குத்தியது குற்றமில்லையென்றால், குற்றம் நான்தான். இவர்கள் தேடுகிற விளக்கம் என் கையைப் பற்றியதல்ல, என் தோலைப் பற்றியது. தண்ணீருக்குள் இறங்காமல் கரையிலேயே இருந்தேன். தலைவி நீந்திவிட்டு வந்து துவாயை விரித்துப் பக்கத்தில் இருந்தாள். இனி இழக்க ஒன்றுமில்லை என்ற முடிவோடு கேட்டேன்.

“கொன்வென்டில் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள்?”

“சொல்லக் கூடாது என்று உனக்குத் தெரியும்.”

“என் கையைப் பற்றித்தானே?”

அவள் தலைமயிரைப் பிழிந்தாள். “கையைப் பற்றி இல்லை” என்றாள். “கையைப் பற்றி நீ சொன்னதைப் பற்றி.”

“நான் என்ன சொன்னேன்?”

“யா என்று அர்த்தம் என்றாய். அது பொய் என்று எங்களுக்குத் தெரியும்.”

பிறகு அவள் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னாள். யாரோ ஒருத்தி என் கையைப் படம் எடுத்திருக்கிறாள். படிப்பு முடித்துப் போன பழைய உறுப்பினர்களை அவர்கள் ‘உயர்ந்த சீமாட்டிகள்’ என்பார்கள். அப்படி ஒரு சீமாட்டி மியூனிக்கில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலை செய்கிறார். படம் அவருக்குப் போனது. அவர் அதைத் தன் அலுவலகத்தில் இருக்கும் சென்னைக்காரர் ஒருவருக்குக் காட்டினார். சென்னைக்காரர் வாசித்துப் பார்த்து, இது ஓம், இந்துக்களின் மிகப் புனிதமான மந்திரம், தியானத்தில் சொல்வது என்று ஆங்கிலத்தில் விளக்கமாக எழுதி அனுப்பினார்.

“மந்திரமாக இருந்தால்தான் என்ன?” என்று கேட்டேன்.

“மந்திரத்தால் ஒன்றுமில்லை. உனக்கு முன்பு இந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவளும் நல்லவள், நன்றாகச் சிரிப்பாள். ஏதோ தியானக் குழுவில் இருந்ததை எங்களிடம் மறைத்தாள். கடைசியில் இரண்டு பேரைப் படிப்பை விட்டுவிட்டுத் தன்னோடு வரச் செய்தாள். அவர்களில் ஒருத்தியின் பெற்றோர் வந்து இந்த வாசலில் நின்று அழுதார்கள். அதற்குப் பிறகு மறைக்கிறவர்களைக் கண்டால் எங்களுக்குப் பயம். நீ எப்போதும் சட்டைக் கையை இழுத்து இழுத்து விடுகிறாய்.”

நான் அவர்களைச் சந்தேகப்பட்ட அத்தனை நாளும் அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எந்தச் சென்னைக்காரர் வாசித்தாலும் அப்படித்தான் வாசிப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. சம்மதம் சொல்ல அவர்களுக்கு ‘ஆமாம்’. எங்களுக்குத்தான் ‘ஓம்’. இதை ஜெர்மன்காரி ஒருத்திக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ஒரே மொழிதான், ஆனால் இலங்கையில் வேறு மாதிரி என்று தொடங்கினேன். சொல்லச் சொல்ல, மாட்டிக்கொண்டவள் சமாளிக்கிற கதைபோலவே அது எனக்கே கேட்டது. அவள் தலையாட்டினாள். நம்பிய தலையாட்டல் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் எல்லோரையும் குசினி மேசைக்கு வரச் சொன்னேன். ஈரத் தலையோடு வந்து இருந்தார்கள். கைத்தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, அம்மாவை அழைத்தேன். “ஒன்றும் பேசாதீர்கள். கேளுங்கள்” என்று மட்டும் சொன்னேன்.

“அம்மா, வேலையாலை வந்திட்டியளோ?”

“ஓம் பிள்ளை, இப்பத்தான் வந்தனான்.”

“சாப்பிட்டியளோ?”

“ஓம் ஓம். ஏன் இந்த நேரத்திலை எடுக்கிறாய்? சுகமில்லையோ?”

“சுகமாய்த்தான் இருக்கிறன். அப்பாவும் வந்திட்டாரோ?”

“ஓம், இஞ்சைதான் நிக்கிறார். என்னடி பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. ஏதும் பிரச்சினையோ?”

“இல்லையம்மா, சும்மாதான். மற்றக் கிழமை வரட்டோ?”

“ஓம், வாவன். அதுக்கென்ன கேள்வி?”

மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாக இளகிக்கொண்டு வந்தது. யாரோ விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது. தலைவி முதலில் புருவத்தைத் தூக்கினாள், பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருத்துவ மாணவிக்கு அடக்க முடியவில்லை. “கடவுளே, இவளுடைய கையிலிருக்கிற டாட்டூவைத்தான் அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார்!” என்று கூவிவிட்டாள்.

அம்மாவுக்கு ஜெர்மன் வராது என்றது நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில். முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் வேலை செய்தவருக்கு இப்போது நாலு அறை தள்ளி யாராவது முனகினாலும் விளங்கும்.

அம்மாவின் குரல் மாறியது.

“ஆர் அது கத்தினது? என்ன டாட்டூ?”

“அம்மா, நான் பிறகு எடுக்கிறன்.”

“வைக்காதை. இப்ப சொல்லு. ஆற்றை கையிலை? உன்ரை கையிலையோ?”

மேசையில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் எந்த மொழியிலும் ஒன்றுதான். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஓம்” என்றேன்.

அதை மட்டும் எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது. படியிறங்கி வந்து கட்டிப்பிடித்தார்கள். எனக்கு ஏனோ அந்தச் சந்தோசம் முழுதாக உள்ளே இறங்கவில்லை. படம் எடுத்தது யார் என்று கேட்டேன். தலைவி, “எடுத்தவள்தான் அதைச் சொல்ல வேண்டும்” என்றாள். ஒருவரும் சொல்லவில்லை. சில நாட்கள் அந்த வீட்டில் ஒவ்வொரு தொலைபேசியும் என்னை நோக்கித் திரும்பியிருப்பதுபோலத் தெரிந்தது. நான் தலைவியைத்தான் முடிவுசெய்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை மருத்துவ மாணவி பிளம்ஸ் கேக்கோடு என் அறைக்கு வந்தாள். கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். கேக்கை வெட்டவில்லை.

“நான்தான் எடுத்தேன்” என்றாள். “நீ தோட்டத்தில் நித்திரையாகிவிட்டாய். வெயில் கையில் விழுந்து அந்த எழுத்து அழகாக இருந்தது, அதனால் எடுத்தேன். சத்தியமாக அதற்குத்தான். பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.”

“எது முதலில் வந்தது?”

“அழகு” என்றாள், கொஞ்சம் பிந்தி.

அந்தக் கொஞ்சம் பிந்தியதை நான் இன்றுவரை மறக்கவில்லை. என் கண்முன்னாலேயே படத்தை அழித்தாள். அழுதாள். நானும் அழுதேன், கேக்கையும் சாப்பிட்டோம். ஆனால் மியூனிக்கில் ஏதோவொரு சென்னைக்காரரின் தொலைபேசியில் என் கை இன்னும் இருக்கக்கூடும். அதை யாராலும் அழிக்க முடியாது. கொன்வென்டில் என்னிடம் நேரே கேட்கலாமே என்று கடைசிவரை வாதாடியது தலைவிதான் என்பதும் மருத்துவ மாணவியின் வாயிலிருந்துதான் வந்தது. தலைவியிடம் நான் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சட்டப் புத்தகத்தோடு அவள் இருக்கும் மேசையில் அவளுக்கு ஒரு தேநீர் வைத்துவிட்டுப் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்து, “இதில் என்ன போட்டிருக்கிறாய்?” என்று கேட்டாள்.

தோழிக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. “நித்திரையிலை படம் எடுத்தவளோடை சேர்ந்து பாட்டுப் பாடப் போறியோ? உனக்கு விசரே?” என்றாள். நானும் யோசித்தேன். ஒரு கிழமை தனியாக வேறு அறைகளும் பார்த்தேன். கடைசியில் ஒக்டோபரில் சேர்ந்தேன். சேர்வதற்கு முன்பு கூட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஒருத்தியின் உடம்பில் இருக்கிறதைப் பற்றி ஏதும் கேட்க வேண்டுமென்றால் அவளிடம் கேளுங்கள், திருப்தி இல்லாவிட்டால் திரும்பவும் அவளிடமே கேளுங்கள். ஒப்புக்கொண்டார்கள்.

சேரும் விழாவில் அரைக் கைச் சட்டையோடு நின்றேன். பட்டியைத் தோளில் போட்டார்கள். வந்திருந்த உயர்ந்த சீமாட்டிகள் வரிசையாகக் கைகுலுக்கினார்கள். ஒவ்வொருவருடைய பார்வையும் என் கையில் போய்த் தொட்டுவிட்டுத்தான் முகத்துக்கு வந்தது. மியூனிக்கிலிருந்து வந்தவர் மட்டும் கையைப் பார்க்கவேயில்லை. அவர் பார்க்காமல் இருந்த விதத்திலேயே அவர் யார் என்று கண்டுபிடித்தேன்.

இப்போது படிப்பை முடித்து மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் சிலர், பச்சை குத்தினால் இப்படியான இடங்களில் எடுப்பார்களா என்று என்னிடம் கேட்பதுண்டு. எல்லா வீட்டுக்கும் சேர்த்து என்னால் பதில் சொல்ல ஏலாது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு விதியும் இருக்கவில்லை. விதி இல்லாத இடத்தில்தான் கண்கள் கூடுதலாக வேலை செய்யும் என்று மட்டும் சொல்வேன்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அம்மா பல மாதங்கள் அந்தக் கதையை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனபோதும் கையைப் பார்க்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு, படிப்பு எப்படி, குளிர் எப்படி என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சேர்ந்த அந்த டிசம்பரில் சங்கத்தில் குடும்பங்களைக் கோப்பிக்கு அழைத்தார்கள். வர மாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். “எந்தப் பிளாட்போமிலை இறங்கோணும்?” என்று கேட்டார்.

அம்மா வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் வீடு முழுவதையும் சுற்றிப் பார்த்தார். முதியோர் இல்லத்தில் அறை அறையாகப் போய்ப் பார்க்கிற அதே நடை. படிக்கட்டுப் படங்களைக் கிட்டப்போய்ப் பார்த்தார். நிலவறை வாசலில் அடுக்கியிருந்த பியர்ப் பெட்டிகளைப் பார்த்தார். என் காதுக்குள் மெதுவாகக் கேட்டார்.

“இது சபையோ? ஜெபம் கிபம் நடக்கிறதோ?”

“இல்லையம்மா. படிக்கிற பிள்ளையளின்ரை சங்கம்.”

“உன்னை நரி எண்டு கூப்பிட்டவளே அந்தப் பெட்டை?”

“புதுசாய்ச் சேருறவையை அப்பிடித்தான் சொல்லுறது.”

“வடிவான பேர்” என்றார் அம்மா, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

கோப்பி மேசையில் அம்மா தலைவிக்கு நேர் எதிரே போய் இருந்தார். சுத்தமான ஜெர்மனில், “உங்களுக்கும் டாட்டூ இருக்கிறதா?” என்று கேட்டார். தலைவி கண்ணிமைக்காமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அப்படியே பார்த்தார். பிறகு தலைவி எழுந்து வந்து, பக்கத்தில் நின்று, சட்டையை விலா வரை தூக்கிக் காட்டினாள். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, விரலால் தோலை மெல்ல இழுத்து, புண் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நன்றாகச் செய்திருக்கிறான்” என்றார். “குளிர் பிடிக்கும், சட்டையை விடு.”

பின்னேரம் ரயில் நிலையத்துக்கு நடந்து போனோம். மேட்டுப் பாதையில் பனி இறுகி வழுக்கியது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் நின்றபோது முதல் தடவையாக, “எங்கை, கையைக் காட்டு” என்றார். குளிர்ச்சட்டையின் கையை மேலே இழுத்துக் காட்டினேன். விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து வாசித்தார்.

“அந்தப் பெட்டையின்ரை வடிவாய் இருக்கு. உன்ரை எழுத்துக் கோணல்.”

“ஜெர்மன்காரன்தானே குத்தினவன். பாத்துக் கீறினவன்.”

“ஏன் உந்தச் சொல்லு?”

சொன்னேன். மருத்துவரிடம் போனது, விசா அலுவலகத்தில் கதிரைக்குக் கால் எட்டாமல் இருந்தது, அம்மா சொல்ல நான் சொன்னது. அம்மா கேட்டுக்கொண்டே தண்டவாளத்தைப் பார்த்தார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரயில் தூரத்தில் வளைவில் தெரிந்தது.

“வேறை எங்கையும் குத்தி வைச்சிருக்கிறியோ?” என்றார்.

“இல்லையம்மா.”

“உண்மையாய்?”

“உண்மையாய் இல்லை.”

அம்மா என்னை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருதரம் பார்த்தார். ரயில் வந்து நின்று கதவு திறந்தது. ஏறி, யன்னலோரக் கதிரையில் இருந்து, கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு, ரயில் நகரும்வரை இன்னும் பார்த்துக்கொண்டேயிருந்தார்.